ஏரிக்கரை ஊரின் நீலப் பலகைகள்

டொராண்டோ விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்ததும் முதலில் கையில் எடுத்தது அம்மா கொடுத்தனுப்பிய பிரசவ மருந்தைத்தான். சுக்கு, மிளகு, திப்பிலி, இன்னும் என்னென்னவோ சேர்த்து இடித்துச் சலித்த பொடி, பழைய பால்பவுடர் டப்பாவில் இருந்தது. இது என்ன என்று கேட்டார். வருஷக்கணக்காகப் பள்ளியில் ஆங்கிலத்தில் வரலாறு நடத்துகிறவன் நான். திப்பிலிக்கு ஆங்கிலம் வரவில்லை. "என் தங்கையின் வயிற்றுக்கு" என்றேன். அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். தும்மினார். மறுபடியும் தும்மினார். பின்னாலிருந்த வரிசை மொத்தமும் என்னைப் பார்த்தது. கனடாவில் நான் பட்ட முதல் வெட்கம் அது. அது சின்னது. பெரியது பின்னால் வந்தது.

தங்கை கோமதிக்குக் குழந்தை பிறந்திருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி, விமானம் ஏற முடியாது. மனைவியும் குழந்தையும் இல்லாத என்னைப் பத்தியப் பொடியோடு அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊர் கோவில்பட்டியில் இதைக் கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கோமதியின் கணவர் சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் படிக்க வந்து, கோமதியைக் கல்யாணம் செய்து, அங்கிருந்து கனடா போனவர். மிசிசாகாவில் விமானச் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை. வீடு அஜின்கோர்ட்டில்.

வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. பொடியைத் தேனில் குழைப்பதைக் கோமதியே செய்துகொண்டாள். சிவநேசன் காலையில் புட்டு அவித்து, சொதி வைத்துவிட்டு வேலைக்குப் போவார். எங்கள் வீட்டில் ஆண்கள் அடுப்பங்கரைக்குப் போனால் தண்ணீர் குடிக்க மட்டும்தான். நான் சாப்பிட்ட தட்டைக் கழுவ எழுந்தால், "நீங்கள் இருங்கோ அண்ணை" என்பார். இருந்தேன்.

பொழுது போகாமல் ஒருநாள் தனியாகப் பேருந்து ஏறினேன். இறங்க வேண்டிய இடம் வந்தது, பேருந்து நிற்கவில்லை. பழக்கதோஷத்தில் "ஹோல்டான்!" என்று கத்திவிட்டேன். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு லாரிகூட நிற்கும். இங்கே ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், ஆனால் நிறுத்தவில்லை. பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடப் பெண் ஜன்னலோரம் தொங்கிய கயிற்றை மெதுவாக இழுத்தாள். மணி அடித்தது. அவ்வளவுதான் வேலை.

வார இறுதியில் நிஜாமுதீன் வந்தார். ரெக்ஸ்டேலில் இருக்கிறார், வீடுகளுக்குக் கார்ப்பெட் விரிக்கும் தொழில், சொந்தமாக இரண்டு வேன். சிவநேசன் வீட்டில் கார்ப்பெட் போட வந்தபோது இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் என்று தெரிந்து, அன்றிலிருந்து சிநேகிதம். நான் எங்கள் ஊர் வழக்கப்படி "வாங்க பாய்" என்றேன். அவர் சிரித்தார். "எங்கட ஊரில என்னை ஒருத்தரும் பாய் எண்டு கூப்பிட்டதில்லை மாஸ்டர். நிஜாம் எண்டே கூப்பிடுங்கோ" என்றார். வாத்தியார்களை அவர்கள் மாஸ்டர் என்பார்கள்.

தெற்கே ஏரிக்கரையில் ஒரு சிற்றூரில் அவருக்கு ஒரு வீடு அளக்க வேண்டியிருந்தது. பழைய ஊர், எங்கு பார்த்தாலும் சரித்திரப் பலகைகள், மாஸ்டருக்குப் பிடிக்கும், வாருங்கள் என்றார். சிவநேசனுக்கும் லீவு. மூன்று பேரும் வேனின் முன்சீட்டில் நெருங்கி உட்கார்ந்து போனோம். பின்னால் கார்ப்பெட் சுருள்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் உருண்டன.

நகரம் முடிந்ததும் வயல்கள் தொடங்கின. சோளம் அப்போதுதான் முளைத்திருந்தது. வரப்பு இல்லை, வேலி இல்லை, வயலில் ஆளும் இல்லை. வழியில் ஓர் உணவு விடுதியில் நிறுத்தினோம். நான் சைவம், நிஜாம் ஹலால் இல்லாத இறைச்சி தொடமாட்டார், சிவநேசன் எதையும் சாப்பிடுவார். பரிமாறிய பெண் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் எனக்கு உருளைக்கிழங்கு, நிஜாமுக்கு மீன், சிவநேசனுக்கு ஒரு பெரிய பர்கர் வந்தது. சிவநேசன் தன் தட்டிலிருந்த ஊறுகாய் வெள்ளரியை எனக்கு வைத்தார். நிஜாம் தன் உருளைக்கிழங்கையும் எனக்கே தள்ளினார். அந்த மேசையில் நாங்கள் அண்ணன் தம்பிகள் மாதிரிதான் இருந்தோம்.

ஊர் அழகாக இருந்தது. ஒரே ஒரு பெரிய தெரு, இருபுறமும் செங்கல் கட்டடங்கள், கடைசியில் ஏரி. நிஜாம் வீடு அளக்கப் போனார். நானும் சிவநேசனும் பலகைகளைப் படித்துக்கொண்டு நடந்தோம். நீல நிறத்தில் தங்க எழுத்துகள். மாவு ஆலைக்கு ஒரு பலகை. தபாலாபீசுக்கு ஒரு பலகை. ஊரின் முதல் வைத்தியர் குடியிருந்த வீட்டுக்கு ஒரு பலகை. "நூறு வருஷத்துக்கெல்லாமா பலகை வைப்பாங்க? எங்க ஊர்ல நூறு வருஷ வீட்டுல வைக்கோல் போட்டு வச்சிருப்போம்" என்றேன். சிவநேசன் சிரித்தார். சிரிப்பு கிடைத்ததும் எனக்கு ஊக்கம் வந்துவிட்டது. தமிழன் கல்லில் எழுதத் தொடங்கிய காலத்தைப் பற்றித் தபாலாபீஸ் வாசலில் நின்று நீளமாகப் பேசினேன். எங்கள் கண்மாய்க்கரையில் எழுத்து வெட்டிய கல் ஒன்றில்தான் துணி துவைக்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. பேருந்து நிலையத்தில் புதிதாகப் பதித்த கல்லில் அமைச்சர் பெயரும் ஒப்பந்தக்காரர் பெயரும் தவிர வேறு எதுவும் இல்லை என்பதையும் சொல்லவில்லை.

நிஜாம் திரும்பி வந்ததும் மூவருமாகக் கடைசிப் பலகைக்குப் போனோம். தெருவை விட்டு விலகி, மரங்களுக்கு நடுவே, வெள்ளையடித்த ஒரு சின்ன மரத் தேவாலயம். அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து தப்பி ஓடி, எல்லை தாண்டி வந்த கறுப்பின மக்கள் கட்டியது என்று பலகை சொன்னது. உள்ளே ஒரு பெண் எங்களை வரவேற்றார். பெயர் டோரதி. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், அகலமான தோள்கள், உரத்த குரல். அவருடைய முன்னோர் அப்படி ஓடி வந்தவர்கள்தான். எங்களுக்கு ஸ்ட்ராபெர்ரி வைத்துச் சுட்ட 'பை' ஒன்றை வெட்டிக் கொடுத்துவிட்டு, பலகையின் கடைசி வரியைப் படித்தீர்களா என்று கேட்டார்.

நான் படித்திருந்தேன். வந்தவர்களின் பிள்ளைகளை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை என்று அந்த வரி சொன்னது. முதலில் வைத்த பலகையில் அது இல்லையாம். இவ்வூர் அவர்களை அன்போடு வரவேற்றது என்பதோடு முடிந்திருந்ததாம். அந்த ஒரு வரிக்காக டோரதியும் அவர் அக்காவும் பல வருஷம் அலைந்திருக்கிறார்கள். ஊரில் பாதிப் பேர் அவர்களோடு பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். "வரவேற்றதும் உண்மை. கதவை மூடியதும் உண்மை. பலகையில் இரண்டுக்கும் இடம் இருந்தது" என்றார்.

சுவரில் ஓர் உலக வரைபடம். அதில் வண்ண வண்ணக் குண்டூசிகள். ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் யார் வந்தாலும் தங்கள் ஊரில் ஒரு ஊசி குத்தச் சொல்வார்களாம். விரும்பினால் தங்கள் கதையைச் சொல்லலாம், ஓர் அட்டையில் தங்கள் கையெழுத்தில் எழுதி வைக்கலாம்.

சிவநேசன் இலங்கையின் உச்சியில் ஊசியைக் குத்தினார். பாண் என்கிற ரொட்டி வாங்கப் போன தம்பி ஷெல் குண்டு விழுந்து செத்ததைச் சொன்னார். தம்பியின் சைக்கிள் மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் மதிலில் சாய்ந்து நின்றதைச் சொன்னார். நானே அதைக் கேட்டதில்லை. டோரதி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சிவநேசன் அழுதார்.

பிறகு டோரதி நிஜாமைப் பார்த்தார். நீங்களும் அதே ஊரா என்றார். நிஜாம் தலையசைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, "நான் தமிழில சொல்லிறன் மாஸ்டர். நீங்கள் வடிவா இங்கிலீசில சொல்லுவியள்" என்றார்.

அவர் சொன்னதை நினைவில் உள்ளபடி எழுதுகிறேன்.

"தொண்ணூறாம் ஆண்டு ஒரு நாள் காலமை இயக்கப் பொடியள் லவுட்ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வந்தவங்கள். முஸ்லிம் சனம் எல்லாம் மைதானத்துக்கு வரோணும் எண்டாங்கள். போனம். ரெண்டு மணித்தியாலத்தில யாழ்ப்பாணத்தை விட்டுப் போயிட வேணும் எண்டாங்கள். ஏன் எண்டு கேட்டதுக்கு, மேலிடத்து ஓடர் எண்டாங்கள். தெரு முனையில வைச்சு நகையெல்லாம் கழட்டச் சொன்னவங்கள். என்ர சின்னவளுக்கு நாலு வயசு. தோடு இறுக்கம், கழட்ட ஏலாமல் நிண்டன். ஒரு பொடியன் ஓடிப்போய்ச் சவுக்காரம் கொண்டு வந்து தந்தான். 'மெல்லமாக் கழட்டுங்கோ அண்ணை, பிள்ளைக்கு நோகும்' எண்டான். என்ர கடையில ஆணி வாங்க வாற பொடியன்."

அவர் நிறுத்தினார். டோரதி என்னைப் பார்த்தார். சிவநேசன் தரையைப் பார்த்தார்.

தமிழ்ப் போராளி இயக்கமே முஸ்லிம்களை விரட்டியது எனக்குத் தெரியாது. அகதி என்றால் ஒரே கதை, ஒரே எதிரி என்றுதான் எங்கள் ஊர் மேடைகளில் கேட்டிருந்தேன். நானும் அப்படியே பேசியிருந்தேன். டோரதியின் கைகளுக்குள் இப்போதுதான் சிவநேசனின் கைகள் இருந்தன. அவர் வீட்டுப் புட்டைத் தின்றுகொண்டிருப்பவன் நான். தமிழரைத் தமிழர் விரட்டினார்கள் என்பதை, ஆயிரமாயிரம் வருஷப் பெருமை பேசிவிட்டு வந்த வாயால் ஒரு வெளிநாட்டுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்றும் தோன்றியது. இத்தனையும் ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள்.

"அவருக்கும் அப்படித்தான். சிப்பாய்கள் வந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

டோரதி நெஞ்சில் கை வைத்து, வருந்துகிறேன் என்றார். நிஜாம் என்னைப் பார்த்தார். குண்டூசியை வாங்கவில்லை. வேனை எடுத்து வருகிறேன் என்று வெளியே போனார்.

திரும்பும் வழியில் சாலையோரம் ஸ்ட்ராபெர்ரி வாங்கினோம். குழந்தை பெற்றவள் சாப்பிடலாமா என்பதைப் பற்றி நானும் சிவநேசனும் தேவைக்கு மேல் பேசினோம். அஜின்கோர்ட் வந்ததும் சிவநேசன் கூடையோடு உள்ளே போனார். நான் வேன் கதவைச் சாத்தப் போனபோது நிஜாம் சொன்னார்:

"மாஸ்டர், எனக்கு இங்கிலீசு கதைக்கத்தான் கஷ்டம். விளங்கும்."

வேன் போய்விட்டது.

மறுநாள் காலை சிவநேசன் புட்டை என் தட்டில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "நீங்கள் சொன்னதுதான் சரி அண்ணை. வெளி ஆக்களுக்கு உதெல்லாம் விளங்காது" என்றார். அது பாராட்டு. நான் தட்டிலிருந்த புட்டைப் பிசைந்தேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த கோமதி விஷயத்தைக் கேட்டாள். சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "நிஜாம் அண்ணனோட வீட்டம்மா என்னோட பிரசவத்துக்கு மூணு நாள் ஆஸ்பத்திரியில இருந்தாங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

வெளியூர்ப் பேருந்து பிடித்துத் தனியாக அந்த ஊருக்குத் திரும்பப் போனேன். அந்தப் பேருந்து ஊருக்குள் போகாது என்பது எனக்குத் தெரியவில்லை. நெடுஞ்சாலைப் பிரிவில் என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டது. வெயிலில் சோள வயல்களுக்கு நடுவே நடந்தேன். கேட்டு விசாரிக்க ஒரு டீக்கடை இல்லை. செருப்பு கடித்தது. பாதி வழியில் ஒரு விவசாயி பிக்கப் வண்டியை நிறுத்தினார். முன்சீட்டில் அவருடைய நாய் இருந்தது. அது இடம் தர மறுத்ததால் பின்னால் உரமூட்டைகளோடு ஏறிக்கொண்டேன். தேவாலய வாசலில் இறங்கும்போது வேட்டியில்லை என்று முதன்முதலாகச் சந்தோஷப்பட்டேன். கால்சட்டை முழுக்க உரம்.

டோரதி புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குழாயை மூடினார். நான் அன்று மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"அவர் நிறையப் பேசினார். நீங்கள் கொஞ்சமாகச் சொன்னீர்கள். அப்போதே நினைத்தேன்" என்றார்.

படியில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன், தோடு கழற்ற அந்தப் பொடியன் தந்த சோப்பு வரை. அவர் கேட்டார். மன்னித்தேன் என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. இதை நான் எழுதி வைக்கக்கூடாது, நீங்களும் எழுதக்கூடாது, அவரிடம் கொடுங்கள், எந்த மொழியிலும் எழுதலாம் என்று ஒரு வெற்று அட்டையை நீட்டினார். பேருந்து நிற்கும் இடம்வரை தன் காரில் கொண்டுவந்து விட்டார்.

ரெக்ஸ்டேலுக்குப் போக எனக்கு இன்னும் ஒருநாள் துணிச்சல் சேர்க்க வேண்டியிருந்தது. நிஜாமின் மனைவி கதவைத் திறந்தார். இடியப்பமும் எனக்கென்று தனியாகச் சமைத்த பருப்பும் வைத்தார், பின்னால் இனிப்புக்கு வட்டிலப்பம். நான் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நிஜாம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். அட்டையை மேசையில் வைத்ததும் கையைக் கழுவி வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"திரும்பிப் போய்ச் சொன்னியளே, அது காணும்" என்றார். காணும் என்றால் போதும் என்று அர்த்தம். "ஆனா இதில நான் எழுதமாட்டன். நான் எழுதினா அது என்ர கவலை. அதை எனக்குத் தெரியும், என்ர மனுசிக்குத் தெரியும். சிவாவை எழுதச் சொல்லுங்கோ."

"அவர் அப்ப இங்கதானே இருந்தார்?" என்றேன்.

"ஓம். இங்கதான். நாங்கள் ரெண்டு பேரும் எத்தினை வருசமா ஒண்டாச் சாப்பிடுறம். ஒருநாளாவது அவன் இதைப் பற்றி என்னட்டைக் கேட்டதில்லை மாஸ்டர்."

உள்ளறையிலிருந்து நிஜாமின் சின்ன மகள் வந்து தொலைக்காட்சியைப் போடட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் காதுகளைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். தோடு இல்லை.

அட்டையைச் சிவநேசனிடம் கொடுத்து நிஜாம் சொன்னதை அப்படியே சொன்னேன், இந்த முறை ஒரு சொல்லையும் விடாமல். அவருக்குக் கோபம் வந்தது. "நான் அப்ப இங்க ஒரு சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவிக்கொண்டு இருந்தனான். நான் ஒருத்தரையும் கலைக்கேல்லை" என்றார். யாழ்ப்பாணத்தில் கலைப்பது என்றால் விரட்டுவது. அட்டை குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது. நான் இருந்த மிச்ச நாட்களில் அதை யாரும் தொடவில்லை. அவர் புட்டு அவித்தார். நான் என் தட்டை நானே கழுவினேன். இப்போது அவர் தடுக்கவில்லை.

ஊர் திரும்பும் நாளில் விமான நிலையத்தில் சிவநேசன்தான் கூட வந்தார். பெட்டியைப் போட்டாயிற்று. விடைபெறக் கை நீட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தார்.

"அண்ணை, நீங்கள் வாத்தியார், ஒண்டு கேக்கிறன். 'கலைச்சவை' எண்டு எழுதவோ, 'கலைச்சனாங்கள்' எண்டு எழுதவோ?"

யாழ்ப்பாணத்தில் கலைப்பது என்றால் விரட்டுவது. முதலாவது, விரட்டினார்கள். இரண்டாவது, விரட்டினோம்.

"அன்னைக்கு என்கிட்ட விட்டப்பத்தான் நான் மாத்திச் சொன்னேன், மாப்பிள்ளை. இதை என்னைக் கேக்காதீங்க" என்றேன்.

அவர் தள்ளுவண்டியின் கைப்பிடியில் அட்டையை வைத்து எழுதினார். நின்றார். மறுபடி எழுதினார். முடித்துவிட்டு என் பக்கம் திருப்பினார். 'யாழ்ப்பாணத்திலயிருந்து நிஜாமின்ர சனத்தைக் கலைச்சனாங்கள்.' கீழே தன் முழுப்பெயர். "இங்கிலீசில நீங்கள் எழுதித் தாங்கோ" என்று பேனாவைக் கொடுத்தார்.

தமிழில் 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் இரண்டு உண்டு. கேட்பவனை வெளியே நிறுத்திவிட்டு 'நாங்கள்' என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் ஒன்றுதான். அந்தச் சொல்லை எழுதும்போது நான் வெளியே நிற்க இடம் இருக்கவில்லை. எழுதிக் கொடுத்தேன்.

பள்ளிக்கூடம் திறந்து சில வாரங்கள் கழித்துப் பக்கத்து வீட்டு போனுக்குக் கோமதி கூப்பிட்டாள். குழந்தை குப்புற விழுகிறது, அம்மாவின் பொடி தீர்ந்துவிட்டது என்றாள். சிவநேசனும் நிஜாமும் ஒரே வேனில் அந்த ஊருக்குப் போய் வந்தார்கள் என்றாள். ஊசியை யார் குத்தியது என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. தேவாலயத்தில் நிஜாம் அட்டையைக் கையில் வாங்கித் தமிழ் வரியையும் ஆங்கில வரியையும் இரண்டு தடவை படித்தாராம். "ரெண்டும் ஒண்டுதான்" என்று மட்டும் சொன்னாராம்.

கோமதி அதை எனக்குப் பாராட்டு மாதிரிச் சொன்னாள். போன் வீட்டுக்காரர்கள் என்ன செய்தி என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ரிசீவரை வைத்துவிட்டு, அவர்களிடம் குழந்தை நன்றாக இருக்கிறது என்றேன்.